ஆயிரம் பேரை வெட்டிய ஒற்றை ஆள்

டைனஸ்டி வாரியர்ஸ் வீடியோ விளையாட்டை ஆடியவர்களுக்கு அந்தத் திரையை விளக்க வேண்டியதில்லை. நடுவில் ஒரு தளபதி, சுற்றிலும் பெயரில்லாத சிப்பாய்கள். பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால் ஈட்டி சுழலும். பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாகக் காற்றில் பறப்பார்கள். ஓரத்தில் வீழ்த்தியவர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். ஆயிரத்தைத் தொட்டால் தனிப் பாராட்டு. கட்டைவிரல் வலித்தாலும் அடுத்த போருக்குக் கை தானாகப் போகும். ‘ஒரே பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்குவதில் அப்படி என்ன இருக்கிறது?’ என்று விமர்சகர்கள் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். ரசிகர்களும் விடாமல் ஆடுகிறார்கள்.

அந்த ஒற்றைத் தளபதி திரைக்கு வந்து சேர ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வழியில் அவரைச் சுமந்தவர்களில் வரலாற்றாசிரியர் உண்டு, தெருவோரக் கதைசொல்லி உண்டு, உப்பு வியாபாரி உண்டு, சாய வியாபாரியும் உண்டு.

பயணம் தொடங்குவது கி.பி. 208இல். சீனத்தின் ஹான் பேரரசு சரிந்துகொண்டிருந்த காலம். வடக்கைப் பிடித்த சாவ் சாவ், தெற்கு நோக்கி ஓடும் லியூ பெய்யைத் துரத்துகிறார். சாங்பான் என்ற இடத்தில் துரத்தும் குதிரைப்படை எட்டிப் பிடிக்கிறது. லியூ பெய் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுத் தப்பிக்கிறார். ஜாவோ யூன் என்ற தளபதி அந்தக் குழந்தையைக் கையில் ஏந்தி, தாயையும் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்க்கிறார். ஹான் சரிந்த பின் எழுந்த மூன்று அரசுகளின் வரலாற்றை 3ஆம் நூற்றாண்டில் எழுதிய சென் ஷோவ் இதற்குச் செலவிட்டது சில சொற்கள்தான். ஜாவோ யூன் எத்தனை பேரை வெட்டினார் என்று அதில் ஓர் எண்கூட இல்லை.

சென் ஷோவ் அப்படித்தான், சிக்கனக்காரர். அந்தச் சிக்கனம் பின்னால் வந்த ஓர் அரசருக்குப் பிடிக்கவில்லை. அவர் ஆணைப்படி பெய் சோங்ஜி என்ற அறிஞர் 429இல் ஓர் உரையை எழுதி முடித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பழைய நூல்களிலிருந்து வதந்தி, குடும்பக்கதை, எதிரிகள் பரப்பிய அவதூறு என்று கிடைத்ததையெல்லாம் அள்ளிவந்து மூலத்தின் அடியில் சேர்த்தார். நம்ப முடியாத இடத்தில் ‘இதை நம்புவதற்கில்லை’ என்று குறிப்பும் எழுதினார். ஆனால் நம்ப முடியாததுதானே கதைசொல்லிக்கு வேண்டும்! பிறகு வந்தவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டுக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

11ஆம் நூற்றாண்டில் இந்தக் கதை தெருவுக்கு வந்துவிட்டது. சோங் காலத்துக் கவிஞர் சூ ஷி ஒரு குறிப்பு விட்டுச் சென்றிருக்கிறார். வீட்டில் அடங்காத பிள்ளைகளைப் பெரியவர்கள் கையில் காசு கொடுத்து, கதை கேட்க அனுப்பிவிடுவார்களாம். லியூ பெய் தோற்றால் பிள்ளைகள் முகம் சுருங்கும், சிலர் அழுவார்கள். சாவ் சாவ் தோற்றால் குதிப்பார்கள். பிள்ளைகளைச் சும்மா உட்காரவைக்க விளையாட்டுப் பெட்டியை வாங்கிக்கொடுக்கும் வழக்கம் ஒன்றும் புதியதில்லை போலும்.

அதே சூ ஷி இன்னொரு சுவையான குழப்பத்துக்கும் காரணம். சாங்பானுக்குப் பிறகு அதே 208இல் நடந்த செம்பாறைப் போரில்தான் சாவ் சாவின் கப்பற்படை தீக்கிரையானது. அரசியல் தண்டனையாக ஹுவாங்ஜோவுக்கு அனுப்பப்பட்ட சூ ஷி, 1082இல் அங்கே ஆற்றங்கரையில் ஒரு சிவந்த பாறையைக் கண்டு, அந்தப் போரை நினைத்து எழுதிய படைப்புகள் அழியாப் புகழ் பெற்றன. அறிஞர்கள் பலரும் ஏற்கும் போர்க்களமோ அங்கிருந்து வெகுதூரம், யாங்சி ஆற்றின் மேல்புறத்தில் இருக்கிறது. கவிஞர் புகழ் சேர்த்தது தவறான பாறைக்கு. போர்க்களத்துக்கு உரிமை கொண்டாடும் புச்சி என்ற ஊர், 1998இல் தன் பெயரையே செம்பாறை என்று மாற்றிக்கொண்டது.

கதைசொல்லிகளின் சரக்கை அச்சில் ஏற்றியவர்கள் ஃபூஜியன் மாநிலத்து அச்சகக்காரர்கள். 1321க்கும் 1323க்கும் இடையே அவர்கள் வெளியிட்ட ஒரு பதிப்பில் ஒவ்வொரு பக்கத்தின் மேற்பகுதியிலும் படம், கீழே கதை. படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துக்கொண்டே பக்கம் புரட்டலாம். மலிவான காகிதம், அவசர அச்சு, எழுத்துப்பிழை எல்லாம் உண்டு. சீனத்தில் படித்துக் கிழித்துத் தீர்த்துவிட்ட அந்த நூல், கடல் கடந்து ஜப்பான் போய் அரசு நூலகம் ஒன்றில் பிழைத்துக் கிடந்தது. இந்தக் கதையின் எதிர்காலம் ஜப்பானில்தான் என்பதற்கு இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா?

14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லுவோ குவான்ஜோங் என்பவர்தான் வரலாற்றையும் தெருக்கதையையும் பிணைத்துப் பெரும் நாவலாக்கியவர் என்கிறது மரபு. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய அச்சுப்பிரதி 1522ஆம் ஆண்டினது. இதில் சாங்பானுக்கு வந்து பாருங்கள். சென் ஷோவ் சில சொற்களில் கடந்த இடத்தில் இப்போது கணக்கு வந்துவிட்டது. ஜாவோ யூன் மார்பில் குழந்தையைக் கட்டிக்கொண்டு எதிரிப் படைக்குள் தனியாகப் புகுந்து புறப்படுகிறார். வெட்டிச் சாய்த்த பெருங்கொடிகள் 2, பறித்த ஈட்டிகள் 3, கொன்ற தளபதிகள் 50க்கு மேல். குன்றின் மேலிருந்து பார்க்கும் சாவ் சாவ், அம்பு விடாதீர்கள், உயிரோடு பிடியுங்கள் என்கிறார். ஓரத்தில் எண்ணிக்கை ஏறும் விளையாட்டு எனக்குத் தெரிந்தவரை இங்கேதான் பிறந்தது. பட்டன்தான் பாக்கி. (அப்படிக் காப்பாற்றிய குழந்தை வளர்ந்து அரசராகி, 263இல் எதிரியிடம் பணிந்து நாட்டை ஒப்படைத்தது. அதை நாவலும் மறைக்கவில்லை.)

நாவல் விற்றது என்றால் அப்படி விற்றது. ஃபூஜியனின் ஜியான்யாங் அச்சகங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பதிப்பு போட்டன. பக்கத்துக் கடையில் ஒன்று நன்றாகப் போனால் இந்தக் கடையில் அதையே இன்னும் சில படங்களோடு, ‘புதிதாகத் திருத்தியது’ என்ற பட்டையோடு விற்பார்கள். 1592இல் ஒரு பதிப்பு கொண்டுவந்த யூ சியாங்தோவ் தன் உருவப்படத்தையே தன் நூல்களில் அச்சிட்டுக்கொண்டவர். அவரை இன்றைய விளையாட்டு நிறுவனங்களின் விளம்பரத் துறைக்கு அனுப்பினால் முதல் நாளே வேலைக்குச் சேர்த்துக்கொள்வார்கள்.

கதாபாத்திரங்களில் அதிக தூரம் போனவர் லியூ பெய்யின் தளபதி குவான் யூ. நீண்ட தாடி, கையில் பிறைவாள் பொருத்திய நெடுங்கம்பு. உண்மையில் அந்த ஆயுதம் அவர் இறந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்தது. எதிரித் தளபதி ஒருவரை அவர் குத்திக் கொன்றார் என்றுதான் சென் ஷோவ் எழுதுகிறார். அநேகமாகக் கையில் இருந்தது ஈட்டி. ஆனால் யாருக்கு வேண்டும் ஈட்டி? அவர் பிறந்த ஊரை ஒட்டி ஒரு பெரிய உப்பேரி. அந்த உப்பை விற்றுச் சம்பாதித்த ஷான்சி வணிகர்கள் தங்கள் மண்ணின் வீரரை வாக்குத் தவறாத தெய்வமாக, வணிகத்தின் காவலராக, போன ஊருக்கெல்லாம் கொண்டுபோனார்கள். ஹாங்காங்கில் போலீஸ்காரர்களும் அவரைக் கும்பிடுகிறார்கள், அவர்கள் தேடும் ரௌடிகளும் அவரைத்தான் கும்பிடுகிறார்கள். கோலாலம்பூரின் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலுக்குப் போன தமிழர்கள், அதே தெருவில் எதிர்வரிசையில் ஒரு சிவப்புச் சீனக் கோயிலைப் பார்த்திருப்பார்கள். 1880களில் எழுந்த அது குவான் யூவின் கோயில். அங்கே வைத்திருக்கும் பிறைவாள் ஏறத்தாழ 60 கிலோ என்கிறார்கள். விளையாட்டில் அதைத்தான் நாம் ஒரு விரலால் சுழற்றுகிறோம்.

மற்றத் திசைகளிலும் கதை பரவியது. சீனத்தை வென்ற மஞ்சூக்கள் 1650இல் நாவலைத் தங்கள் மொழியில் அச்சிட்டார்கள். போர்த் தந்திரம் கற்க அவர்களுக்கு அது பாடநூலும்கூட. பாங்காக்கில் முதலாம் ராமா ஆட்சியில், 1802 வாக்கில், தாய் மொழியாக்கம் வந்தது. அதை முன்நின்று செய்தவர் கருவூலத்துக்கும் கடல் வணிகத்துக்கும் பொறுப்பான அமைச்சர். தாய்லாந்தின் உரைநடைக்கு அது ஒரு மைல்கல்.

இனி ஜப்பான். 1689 முதல் 1692 வரை கியோத்தோவில் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. 1830களில் ஓவியர் ஹொகுசாயின் மாணவர் ஒருவர் வரைந்த படங்களோடு இன்னொரு பதிப்பு. அதிலுள்ள சீன வீரர்களின் முறைப்பும் பறக்கும் ஆடையும் மரக்கட்டை அச்சில் மேடை நடிகர்கள் போல இருக்கும். பிறகு யோஷிகாவா எய்ஜி. சாமுராய் முசாஷியின் கதையை எழுதிப் பெயர் பெற்றிருந்த அவர், 1939 முதல் 1943 வரை ஒரு வணிக நாளிதழில் மூன்று அரசுகளின் கதையைத் தன் போக்கில் தொடராக எழுதினார். அந்த நாளிதழின் வாரிசுதான் இன்றைய நிக்கேய். ஜப்பானியப் படை சீனத்தில் போரிட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஜப்பானிய வீடுகளில் சீன வீரர்களுக்காகக் கண்ணீர் விட்டுப் படித்தார்கள்.

யோஷிகாவாவைப் படித்து வளர்ந்த யோகோயாமா மித்சுதெரு 1971இல் இதை மங்காவாக வரையத் தொடங்கி, பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் வரைந்து 60 தொகுதிகளில் முடித்தார். 1982 முதல் 1984 வரை என்.எச்.கே. தொலைக்காட்சியில் கவாமோதோ கிஹாச்சிரோவின் பொம்மலாட்டத் தொடர். ஆக 1980களில் வளர்ந்த ஜப்பானியச் சிறுவனுக்கு லியூ பெய், அவருடைய தளபதிகள் குவான் யூ, ஜாங் ஃபெய் மூவரும் தெருவில் எதிர்ப்பட்டால் அடையாளம் காணும் அளவுக்குப் பழக்கம்.

சாய வியாபாரி இங்கேதான் வருகிறார். டோக்கியோவுக்கு வடக்கே அஷிகாகா என்ற நெசவு ஊர். எரிகாவா யோய்ச்சியின் குடும்பத் தொழில் துணிச்சாயம். அது நொடித்த பின் 1978இல் கோயெய் என்ற பெயரில் தானே மறுபடி கடை தொடங்கினார். அதுவும் சுமாராகத்தான் ஓடியது. 1980இல் அவருடைய 30ஆவது பிறந்தநாளுக்கு மனைவி கெய்கோ ஒரு ஷார்ப் கணினியைப் பரிசளித்தார். கடைக்கணக்குப் போட்டது போக மீந்த நேரத்தில் எரிகாவா விளையாட்டுகளை எழுதினார். தகேதா ஷிங்கென், உஎசுகி கென்ஷின் என்ற இரு பிரபுக்கள் மோதிய கவானகாஜிமா போரை 1981இல் கேசட்டில் பதிந்து, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். தபாலில் பணம் வந்து குவிந்தது. சாயக்கடை விளையாட்டு நிறுவனமாயிற்று. 1983இல் போர்ப் பிரபு நொபுனாகாவை வைத்து ஒன்று. 1985இல் மூன்று அரசுகள்.

கெய்கோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. 1994இல் பெண்களுக்கென்றே அவர் பெண்கள் குழு ஒன்றைக் கொண்டு உருவாக்கிய காதல் விளையாட்டு ‘ஆஞ்செலீக்’ ஒரு புது வகையையே தொடங்கிவைத்தது. டைனஸ்டி வாரியர்ஸ் தளபதிகள் அத்தனை பேரும் ஏன் இவ்வளவு அழகாகத் தலைவாரிக்கொண்டு போருக்கு வருகிறார்கள் என்ற கேள்விக்கு அந்த அலுவலகச் சூழலில் பாதி விடை இருக்கிறது என்பது என் ஊகம்.

கோயெய்யின் தொடக்கக்கால விளையாட்டுகள் நிதானமானவை. வரைபடம், வரி, நெல் விளைச்சல், படைக்கணக்கு. வாள் சுழற்றும் வேலை அவற்றில் இல்லை. அதை மாற்றியது நிறுவனத்துக்குள் அமைந்த ஒமேகா ஃபோர்ஸ் குழு. 1997இல் முதல் பிளேஸ்டேஷனுக்கு அவர்கள் செய்த முதல் டைனஸ்டி வாரியர்ஸ் ஒருவரோடு ஒருவர் மோதும் ஆயுதச் சண்டை விளையாட்டு. அந்நாளில் அப்படிப்பட்டவை கடையெங்கும் இருந்தன. இதுவும் அவற்றைப் பார்த்துச் செய்ததுதான். ரகசியக் கதாபாத்திரமாக ஜப்பானின் நொபுனாகாவையும் உள்ளே விட்டார்கள். 3ஆம் நூற்றாண்டுச் சீனரை 16ஆம் நூற்றாண்டு ஜப்பானியர் உதைக்கலாம்.

2000 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 2 வந்தது. ஒரே நேரத்தில் திரையில் டஜன் கணக்கில் ஆட்களை நிறுத்தும் திறன் அதற்கு இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஒமேகா ஃபோர்ஸ் சண்டைக்கூடத்தை விட்டு வெளியே வந்து, ஜாவோ யூன்களைப் போர்க்களத்தில் இறக்கிவிட்டது. கதைசொல்லிகள் வாயால் மட்டும் காட்டிவந்த ‘ஒருவர் எதிர் ஆயிரவர்’ கண்ணுக்குத் தெரிந்தது. குறைகளும் கூடவே தெரிந்தன. தூரத்தில் ஒன்றுமில்லாத வெளியில் இருந்து சிப்பாய்கள் திடீரென முளைப்பார்கள். பாதிப்பேர் ஆயுதத்தைப் பிடித்துக்கொண்டு தங்கள் முறை வரட்டும் என்று காத்து நிற்பார்கள். ஆனால் ஹுலாவ் கோட்டை வாயிலில் மாவீரர் லூ பூ வருகிறார் என்று எச்சரிக்கை வந்தால், அதுவரை நூற்றுக்கணக்கில் வெட்டியவரும் திரும்பி ஓடத்தான் வேண்டும். அந்தப் பயத்துக்காகவே இதை மன்னிக்கலாம்.

ஜப்பானில் இது புதிய தொடரின் முதல் பாகம். வெளிநாட்டு விற்பனையாளர்களோ 1997இல் வந்ததை ஒன்று என்று எண்ணி, இதற்கு இரண்டு என்று எண் போட்டார்கள். அன்றிலிருந்து ஜப்பானியரின் எண்ணுக்கும் மற்றவர்களின் எண்ணுக்கும் ஒன்று வித்தியாசம். ரசிகர்கள் இணக்கமாகப் பேசத் தொடங்கி, எந்தப் பாகம் என்பதிலேயே சண்டையில் முடிப்பார்கள்.

வரலாறு எங்கே, சரடு எங்கே என்று பிரிக்கப் போனால் வேடிக்கைதான். பேரழகி தியாவ் சான் என்று வரலாற்றில் யாரும் இல்லை. லூ பூவுக்கும் தன் தலைவரின் பணிப்பெண் ஒருத்திக்கும் தொடர்பு இருந்தது என்ற ஒற்றைத் தகவலில் வளர்ந்தவள் அவள். ஆலோசகர் ஜூகே லியாங் இறகு விசிறியிலிருந்து ஒளிக்கற்றை விடுவது ஒமேகா ஃபோர்ஸின் கைவண்ணம். ஆனால் குறைந்த உயிரை மீட்டெடுக்க உடைந்த பானையிலிருந்து கிடைக்கும் இறைச்சிக் கொழுக்கட்டை இருக்கிறதே, அது மட்டும் எதிர்பாராத பழமை. தெற்குப் படையெடுப்பிலிருந்து திரும்பும்போது ஆற்றுக்கு மனிதத் தலைகளைப் பலியிட வேண்டும் என்று அங்கிருந்தவர்கள் சொல்ல, மாவில் தலைபோலப் பிடித்து உள்ளே இறைச்சி வைத்துப் படைத்து அந்தப் பண்டத்தைக் கண்டுபிடித்தவரே ஜூகே லியாங்தான் என்கிறது சீனக் கதை.

வெற்றி வந்தால் நகலும் வரும். முதல் நகலெடுப்பாளர் கோயெய்யேதான். பாகங்கள் பலவற்றுக்கும் கொஞ்சம் சேர்த்து ஒரு மறுபதிப்பு, பிறகு ஆட்சி நடத்தும் வகை ஒன்று. ஜியான்யாங் அச்சகக்காரர்கள் பார்த்திருந்தால் புன்னகைத்திருப்பார்கள். 2004இல் அதே அச்சில் ஜப்பானிய சாமுராய்களை வார்த்தார்கள். எரிகாவாவின் கேசட்டில் தொடங்கிய கவானகாஜிமா அதில் ஒரு களம். 2005இல் இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி ஸ்பார்ட்டா வீரனை இதே பாணியில் கூட்டத்துக்குள் இறக்கியது. அதே நிறுவனம் 2019இல் மூன்று அரசுகளையே கையிலெடுத்து வியூக விளையாட்டு ஒன்றைச் செய்தது. கோயெய்யின் கனடாக் கிளை 2011இல் ட்ராய் போரை முயன்றது, அது எடுபடவில்லை.

நகல்களில் துணிச்சலானது கேப்காம் 2005இல் விட்ட ‘செங்கோகு பசாரா’. அதில் தாதே மசமூனே என்ற பிரபு ஒரு கைக்கு மூன்று வீதம் ஆறு வாள் பிடிப்பார். அவருடைய குதிரைக்கு மோட்டார் சைக்கிள் கைப்பிடியும் புகைபோக்கியும் உண்டு. மசமூனே ஆண்ட பகுதி இன்றைய மியாகி மாநிலம். 2009 ஆளுநர் தேர்தலில் இளைஞர்களை ஓட்டுப்போட அழைக்க, தேர்தல் நிர்வாகமே இந்த மசமூனேவைச் சுவரொட்டியில் போட்டது. அதே காலத்தில் விளையாட்டில் பார்த்த பிரபுக்களின் கோட்டைகளையும் கல்லறைகளையும் தேடிப் போகும் இளம்பெண்கள் ஜப்பானிய ஊடகங்களில் ஒரு தலைப்பானார்கள்.

திருப்பம் அதற்குப் பிறகு. பின்னால் வந்த கேப்காம்தான் 2014இல் முன்னோடியான கோயெய் (அப்போது கோயெய் டெக்மோ) மீது காப்புரிமை வழக்குப் போட்டது. முந்தைய பாகத்தின் வட்டைச் செருகினால் புதிய பாகத்தில் கூடுதல் சரக்கு திறக்கும் உத்தி தன்னுடையது என்பது வாதங்களில் ஒன்று. 2019இல் அறிவுசார் சொத்துரிமைக்கான மேல்நீதிமன்றம் ஏறத்தாழ 14 கோடி யென் கொடுக்கச் சொன்னது.

வாளை வாடகைக்கு விடுவதில் நிறைய லாபம் இருந்தது. 2007இல் குண்டம் இயந்திர மனிதர்கள், 2014இல் நின்டெண்டோவின் செல்டா உலகம் என்று எந்தக் கதையையும் இந்த அச்சில் ஊற்றினார்கள். 2020இல் வந்த செல்டா பாகம் 40 லட்சத்துக்கு மேல் விற்றது. அதுவரை சீனத் தளபதிகள் யாரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டிருக்கவில்லை.

சொந்தக் கதையில் 2018இல் ஒரு சறுக்கல்: சீனத்தையே ஒரு திறந்தவெளியாக விரித்து வைத்தார்கள், குதிரையில் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான், வெட்ட ஆளில்லை. 2021இல் இந்த ஜப்பானிய விளையாட்டை ஹாங்காங் இயக்குநர் ராய் சோவ் சீனப் படமாக எடுத்தார். லூ பூவாக லூயிஸ் கூ. சீனக் கதை ஜப்பான் போய் அலங்காரம் செய்துகொண்டு தாய்வீட்டுக்கே திரும்பியது.

2025 ஜனவரியில் வந்த ‘ஆரிஜின்ஸ்’ மறுபடி கூட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. இம்முறை சிப்பாய்கள் சும்மா நிற்பதில்லை; கடல்போல வந்து மோதுகிறார்கள். கதையை முழுதும் இழுக்காமல் செம்பாறையோடு நிறுத்திக்கொண்டதும் நல்ல முடிவு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். பழைய ஆட்டக்காரர்களுக்கு என் வேண்டுகோள் வேறு: நாவலுக்கு மாஸ் ராபர்ட்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1991 முதல் கிடைக்கிறது, அதில் 41ஆம் அத்தியாயத்தை மட்டுமாவது எடுத்துப் படியுங்கள். சாங்பான் அங்கேதான் இருக்கிறது.